சைலன்சர் இல்லாத லாரி

வெய்னோ லாம்பியிடம் மெதுவாகப் பேசினால் அவருக்குக் கோபம் வரும். சத்தம் போட்டுப் பேசினால் அதைவிடக் கோபம் வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு குரலைக் கண்டுபிடிக்க அவர் மனைவி ஐலி பல வருடம் பாடுபட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் தோளில் தட்டிக் கூப்பிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தாள். அவருடைய வலது காது முழுக்கச் செத்துவிட்டது. இடது காதில் கருவியை வைத்தால் கொஞ்சம் கேட்கும். கழற்றிவிட்டால் ஓயாத ரீங்காரம் மட்டும்தான்.

வில்லப்பா மலையிலிருந்து மரத்தடிகளை ஏற்றி ஆற்றங்கரை மில்லில் கொண்டு சேர்ப்பதுதான் அவர் வாழ்நாள் வேலை. ஹோல்கம் கம்பெனியின் பச்சை லாரி. எட்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் டீசல். மற்ற எஞ்சின்கள் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்கும் என்றால் இது ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். அதனால் ஊர்ந்து போகும்போதுகூட உயிர் போகிற அவசரத்தில் ஓடுவதுபோல அலறும். வேகம் கொஞ்சம் தணிந்தாலும் இழுவை போய்விடும்; மிதித்து விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். "காலைல ஏறுறதுக்கு முன்னாடி கதவிடுக்குல விரல வச்சு நசுக்கிக்க. அப்பத்தான் இத ஓட்டுற அளவுக்குக் கோவம் வரும்" என்பது அந்த மலை டிரைவர்களின் வேடிக்கை. வெய்னோவுக்கு விரலை நசுக்கவேண்டிய தேவையே இருந்ததில்லை.

அந்தச் சத்தம் அவருக்குப் பிடித்திருந்தது. சும்மா பிடித்தது என்று சொல்லிவிட முடியாது. முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறும்போது அது ஒரு சுருதியில் போய் நிற்கும். அந்தச் சுருதி கால் வீசம் இறங்கினதும் அவர் கை தானாகக் கியரை மாற்றும். மீட்டரைப் பார்த்ததே கிடையாது. மலைக்கு அந்தப் பக்கம் வரும்போதே ஐலிக்கும் கேட்டுவிடும். அடுப்பில் காப்பியைப் போடுவாள். அவர் கை கழுவி உட்காருவதற்கும் காப்பி கொதித்து முடிவதற்கும் சரியாக இருக்கும்.

ஒரு மழைக்காலத்தில் துருப்பிடித்த சைலன்சர் பாதையிலேயே கழன்று விழுந்தது. முதலாளி ஹரோல்ட் ஹோல்கம் வேறு மாட்டவில்லை. இருக்கையின் முதுகுக்குப் பின்னாலேயே இரண்டு திறந்த புகைக்குழாய்கள், பகல் முழுக்க. வெய்னோ போய்க் கேட்டார்.

"ஹரோல்ட், சைலன்சர் மாட்டிக் குடு. படுத்தா காதுக்குள்ள எஞ்சின் நிக்கமாட்டேங்குது."

"மாட்டினா இழுவை குறைஞ்சிரும் வெய்னோ. ஊரே திரும்பிப் பாக்குது, கேட்டியா? அந்தச் சத்தம்தான்யா நம்ம கம்பெனியோட கொடி."

அடுத்த வருடமும் கேட்டார். அதற்கடுத்த வருடமும் கேட்டார். பிறகு கேட்கவில்லை, ஹரோல்ட் சொல்லும் பதில் அவர் காதில் விழுவதும் குறைந்துகொண்டு வந்தது. கடைசியில் வேலையால்தான் காது போனது என்று வழக்குப் போட்டபோது, கம்பெனி அழைத்து வந்த டாக்டர் வேறு காரணம் சொன்னார்: இவர் மான் வேட்டைக்குப் போகிறவர், துப்பாக்கிச் சத்தத்தில் போயிருக்கும்.

"வருஷத்துக்கு ஒரு மான்! ஒரு தோட்டா!" என்று வெய்னோ அந்த அறையில் மேசையைக் குத்தினார். "வருஷம் பூரா அலறுன எஞ்சின் ஒண்ணும் பண்ணல, ஒரு தோட்டா என் காதத் தின்னுடுச்சா?"

வழக்கு தோற்றது. ஹரோல்ட் செத்தான். சவ அடக்கத்துக்கு ஐலி மட்டும் போனாள்.

இதெல்லாம் முடிந்து பல வருடம் கழித்து, ஒரு கோடையில் ஹரோல்டின் மகன் கர்ட்டிஸ் வீட்டுக்கு வந்தான். ஐலி ஏலக்காய் ரொட்டியும் காப்பியும் வைத்தாள். பழைய பச்சை லாரியைத் தேடிப் பிடித்துப் புதுசாக்கிவிட்டதாகச் சொன்னான். மரவெட்டித் திருவிழாவில் அதை வெய்னோதான் கிளப்பிக் காட்ட வேண்டுமாம்.

"அந்தச் சத்தம் இப்ப எங்கயுமே கெடையாது வெய்னோ. அதக் கேக்குறதுக்குன்னே மாநிலம் தாண்டி வர்றாங்க. கேட்டுட்டு அழறாங்க."

"என்னது?"

கர்ட்டிஸ் எழுந்து நின்று அதையே கத்திச் சொன்னான்.

"கேட்டுச்சுடா. என்ன பேச்சு இதுன்னுதான் கேட்டேன்." வெய்னோவின் முகம் சிவந்துவிட்டது. "உங்கப்பன் என் காதப் புடுங்கினான். நீ அத சாயம் பூசித் திருவிழாவுல வைக்கிறியா?"

"அப்பா போயி எவ்வளவோ காலமாச்சு. அவர விட்டுருங்களேன்."

"செத்தவனுக்கும் காது கேக்காது, எனக்கும் கேக்காது. அந்த வகையில நாங்க கூட்டாளிங்க. நடுவுல நீ யாரு? கெளம்பு."

அவன் போனபிறகு வெய்னோ நாற்காலியை உதைத்தார். ஐலி ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துக்கொண்டே அவர் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"போகலன்னா போகாத. நாற்காலி என்ன பாவம் பண்ணுச்சு? உனக்கு அந்தச் சத்தத்தக் கேக்கணும். அதான் உன் கோவமே."

அவள்மேல் வந்ததைவிட அந்த வார்த்தையின்மேல்தான் அவருக்கு அதிகக் கோபம்.

திருவிழாவன்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனார். ஆற்றோர மைதானத்தில் பச்சை லாரி பளபளவென்று நின்றது. கர்ட்டிஸ் உள்ளே உட்கார்ந்து கிளப்பினான். கூட்டம் கையைத் தூக்கிக் கத்துவது தெரிந்தது. வெய்னோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். கருவி வழியாக வந்தது தகர டப்பாவில் கூழாங்கல்லை உருட்டுகிற ஓசை. விரலால் கருவியைத் திருகிப் பார்த்தார். கூழாங்கல் பெரிதானது, அவ்வளவுதான். கழற்றினார். ரீங்காரம்.

அப்போதுதான் அந்தக் குழந்தையைப் பார்த்தார். புகைக்குழாய்க்குப் பக்கத்தில், ஒருவன் தோள்மேல் உட்கார்ந்திருந்த சின்னப் பெண். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாய் கிழிய அழுதாள். கீழே அப்பன் கூட்டத்தோடு சேர்ந்து குதித்துக்கொண்டிருந்தான். கர்ட்டிஸ் இன்னும் மிதித்தான்.

வெய்னோ கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ப் படியில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கையை விட்டு, எஞ்சினை நிறுத்தும் குமிழை இழுத்தார். லாரி குலுங்கிச் செத்தது.

"வெய்னோ, எல்லாரும் பாக்குறாங்க." கர்ட்டிஸின் வாயசைவு தெரிந்தது.

"பாக்கட்டும்!" என்றவர் குழந்தையின் அப்பன் பக்கம் திரும்பினார். "அந்தப் புள்ளைய எறக்குடா முட்டாளே! காதுல ரத்தம் வந்தாத்தான் எறக்குவியா?"

தொப்பி போட்ட ஒருவன் முன்னால் வந்தான். உதடுகளைப் படிப்பது வெய்னோவுக்குப் பழகிப்போன விஷயம். "ஓரமாப் போ பெருசு. நாங்க அந்தச் சத்தத்தக் கேக்கத்தான் வந்திருக்கோம்."

"நானும் அதுக்குத்தான்டா வந்தேன்!" அவர் குரல் மைதானத்தின் மறுகோடிவரை போனது, எவ்வளவு சத்தம் என்று அவருக்கே தெரியவில்லை. "இதவிட நல்ல சத்தம் உலகத்துல நான் கேட்டதில்ல. ஒரு சைலன்சர் மாட்டியிருந்தாலும் இது நல்லாத்தான் இருந்திருக்கும். இன்னிக்கு எனக்கும் கேட்டிருக்கும். மாட்டல. ஒரு இரும்புக் குழாய், அத மாட்டல!"

அந்த அப்பன் குழந்தையைத் தோளிலிருந்து இறக்கினான்.

"நகரு," என்றார் கர்ட்டிஸைப் பார்த்து. அவன் நகர்ந்து, மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கியே போய்விட்டான். வெய்னோ லாரியைக் கிளப்பி மைதானத்தைவிட்டு வெளியே எடுத்தார். மலைப்பாதைக்குத் திருப்பினார்.

உள்ளங்காலில், முழங்கையில், கடைவாய்ப் பல்லில் எஞ்சின் இருந்தது. அதை வைத்தே ஓட்டிவிடலாம் என்று நினைத்தார். முதல் மேட்டில் ஓட்டியும் விட்டார். இரண்டாவது மேட்டில் கியர் மாற்றும் நேரம் தப்பியது. பல்சக்கரம் அரைபடுகிற அதிர்ச்சி தோள்வரை ஏறியது. லாரி முக்கி நின்றது. அவர் ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் அடித்தார், உள்ளங்கை மரத்துப்போகும்வரை.

கர்ட்டிஸ் பின்னாலேயே தன் வண்டியில் வந்து சேர்ந்தான். வெய்னோ கருவியைக் காதில் வைத்துக்கொண்டார்.

"என்னாச்சு?"

"கியர் தப்பிருச்சு."

"எல்லாருக்கும் தப்பும்."

"எனக்குத் தப்பினதில்ல."

கர்ட்டிஸ் சக்கரத்தின்மேல் சாய்ந்து நின்றான். "சைலன்சர் மாட்டிடறேன்."

"மாட்டினா ஒருத்தனும் வரமாட்டான்."

"தெரியும்."

"அப்ப நீ மாட்டமாட்ட."

அவன் மாட்டவில்லை. அடுத்த வருடத் திருவிழாவில் லாரியைச் சுற்றிக் கயிறு கட்டினான். வாசலில் காதடைப்பான் ஒரு கூடை வைத்தான். கூடைக்குப் பின்னால் போய் நின்றவள் ஐலி. "காதுல வை, இல்லன்னா வீட்டப் பாத்துப் போ" என்று பெரியவன் சின்னவன் பார்க்காமல் எல்லாரையும் மிரட்டினாள். வெய்னோ அந்தப் பக்கமே போகவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் கர்ட்டிஸ் புகைபோட்ட சால்மன் மீனோடு வந்து கதவைத் தட்டினான். ஐலி தோளில் தட்டிச் சொன்னாள். வெய்னோ எழுந்துபோய்க் கதவைத் திறந்தார், மீனை வாங்கிக்கொண்டார், அவன் வெளியே நிற்கக் கதவைச் சாத்தினார்.