பந்தல்குடி ரோட்டில் கொட்டிய பால்

யுத்தம் நடந்துகொண்டிருந்த ஒரு சித்திரை மாதம். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருவில் இரண்டே நாளில் மூன்று குழந்தைகளுக்கு வாந்திபேதி. மூன்று வீட்டுக்கும் பால் ஒரே இடத்திலிருந்து வந்தது. விறகுப் பஞ்சம், பாலை வெதுவெதுப்பாக்கியே கொடுத்திருக்கிறார்கள். சுகாதார இன்ஸ்பெக்டரான நான் மறுநாள் அதிகாலையே கிளம்பினேன்.

ஐந்தரைக்கு, பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடும் பஸ். பந்தல்குடிக்கு எட்டு மைல், நாலணா. (மேட்டில் இறங்கித் தள்ளினோம். அதற்குக் கட்டணக் குறைப்பு இல்லை.) அங்கிருந்து கரிசல் காட்டு வழியே ஒன்றரை மைல் நடை. பால்காரர் ராமசாமியின் வீட்டை அடைந்தபோது மணி ஆறே முக்கால். அவர் இல்லை. மனைவி முத்தம்மா வீட்டுக்கென்று வைத்திருந்த பாலைத் தந்தார். பால்மானியை விட்டுப் பார்த்தேன். சுத்தமான பால். சொட்டுத் தண்ணீர் கலக்கவில்லை.

"கேனை எங்கம்மா கழுவுறீங்க?"

"ஊருணியிலதான்யா. கெணறு வத்திப்போச்சே."

"ஊரில் யாருக்காவது வாந்திபேதியா?"

"மேலத்தெருவுல ரெண்டு பேருக்கு. அவுக துணியையும் அங்கதான் அலசுறாக…" பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னைக்குப் பால்?"

"ஏழரை பஸ்ஸுக்குக் குறுக்குப் பாதையில போயிட்டாக."

ஓடினேன். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ராமசாமி கேனோடு படியில் கால் வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பாலுல தண்ணி இருக்கா? இல்லேல்ல! பெறகு எதுக்கு என் பொழப்புல மண்ணள்ளிப் போடுறீக?" கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளே இருந்தவர்களும் அவர் பக்கம். "ஏறுனா ஏறுங்கய்யா, கரி வீணாப்போகுது" என்று கண்டக்டர் கத்தினார். போலீஸ் இல்லாத இடத்தில் என் காக்கிச் சட்டைக்கு என்ன மதிப்பு?

பின்னாலேயே ஓடிவந்த முத்தம்மா மூச்சிரைக்கக் கேனில் கை வைத்தார்.

"போன வருசம் நம்ம புள்ளைய இந்தப் பேதிதான கொண்டுபோச்சு? விடுங்க."

ராமசாமியின் பிடி தளர்ந்தது. முத்தம்மாவே கேனைச் சாய்த்தார். புழுதி பாலை உடனே குடித்துவிட்டது.

ஊருணிக்கு மருந்து போட்டோம். இரண்டு குழந்தைகள் பிழைத்தன. மூன்றாவது குழந்தை அன்று மதியமே இறந்துபோனது.

இந்தப் பக்கம் வருகிறவர்கள் முதல் பஸ்ஸில் வாருங்கள். எட்டு மணிக்கு மேல் வெயிலில் கரிசலில் நடக்க முடியாது. காய்ச்சி ஆறிய தண்ணீர் கொண்டுவாருங்கள். யாராவது பால் கொடுத்தால் மறுக்காதீர்கள், பொங்கும்வரை காத்திருங்கள். பாத்திரத்தை எந்தத் தண்ணீரில் கழுவினார்கள் என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள். நான் அதை இரண்டு நாள் பிந்திக் கேட்டேன்.