யூட் மரத்திலிருந்து விழவில்லை

நான்தான் அடித்தேன். மரம் ஏறும் அலுமினியப் படி ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்து, என் தங்கையின் கணவன் யூட்டின் தலையில், இடது காதுக்கு மேலே, பலம் முழுவதையும் திரட்டி அடித்தேன்.

ஒரு முதுகுப் பையின் பொருட்டு அடித்தேன் என்றால் நீங்கள் நம்புவீர்களா?

பாரிசில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் யாரைக் கேட்டாலும் வேறு கதைதான் சொல்வார்கள். வேட்டைக்குப் போன இடத்தில் யூட் மரத்திலிருந்து விழுந்தான், மச்சான் பக்கத்தில் நின்றபடியால் உயிர் தப்பினான் என்பார்கள். அந்த மச்சான் நான். பூசை முடிந்து வரும்போது என் கையைப் பிடித்துக் கண்கலங்கியவர்கள் உண்டு. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை...

நாங்கள் இருவரும் மரம் ஏறிக் கிளை வெட்டும் வேலை செய்தவர்கள். யூட்டை அந்த நிறுவனத்தில் சேர்த்துவிட்டவன் நான். நான்காம் வருடமே அவன் எங்கள் குழுவுக்கு ஷெஃப், அதாவது தலைவன், ஆனான். எந்த மரத்தில் நான் ஏற வேண்டும் என்று காலையில் அவன்தான் சொல்வான். சிரித்த முகத்தோடுதான் சொல்வான். அந்தச் சிரிப்பை நான் ஒவ்வொரு நாளும் விழுங்கினேன்.

பாரிசுக்கு வடக்கே ஒரு விவசாயியின் தோப்பில் வேலை செய்தபோதுதான் வேட்டை ஆசை பிடித்தது. காட்டுப் பன்றிகள் அவருடைய சோளத்தை உழுது எறிந்திருந்தன. இருவரும் வேட்டை அனுமதிக்குப் படித்தோம், வில் பழகினோம். மரத்தில் ஏறுவதுதான் எங்களுக்குக் கைவந்த விடயமாயிற்றே. நிலையான பரண் எதுவும் தேவையில்லை. இடுப்பில் அகன்ற சேணப்பட்டி, அதைத் தண்டோடு இணைக்கும் கயிறு, தண்டில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டி ஏறுவதற்குக் கை நீளத்தில் நான்கு அலுமினியப் படிகள், பாதம் ஊன்ற ஒரு சிறு பலகை. இவை இருந்தால் விரும்பிய மரத்தில் தொங்கியபடி காத்திருக்கலாம். ஆனால், அத்தனையையும் ஒரு சத்தமும் இல்லாமல் காட்டுக்குள் சுமந்து போக வேண்டும். படியோடு படி ஒருமுறை உரசினால் போதும், அன்றைய வேட்டை முடிந்தது.

ஆகவே பை. இரண்டு மாதங்கள் நான் பையைத் தவிர வேறெதையும் நினைக்கவில்லை.

லூயி பிளாங் வீதியில், பயணப் பைகள் விற்கும் கடைக்கும் படிகளைத் தூக்கிக்கொண்டு போனேன். "ஊருக்கோ அண்ணை?" என்று கடைக்காரர் கேட்டார். "காட்டுக்கு" என்றேன். அவர் படிகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

முதலில் வாங்கிய பை மேலே மட்டும்தான் திறந்தது. முதலில் வேண்டிய படிகள் அடியில் கிடந்தன. இரண்டாவதன் துணி கிளையில் பட்டாலே சரசரத்தது. மூன்றாவதில் எல்லாம் அடங்கின, ஆனால் நடக்கையில் படிகள் உள்ளே ஆடின. அந்தப் பையைச் சமையலறைச் சுவரில் வீசி அடித்தேன். ஓடு உடைந்து விழுந்தது. வாரைப் பிய்த்தேன். என் மனைவி றீற்றா பிள்ளைகளின் அறைக்கதவை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள்.

"பையிலையோ உங்களுக்குக் கோவம்?" என்று கேட்டாள்.

நான் பிய்ந்த வாரை எறிந்துவிட்டு வெளியே போனேன். அவள் கதவை ஏன் மறைத்தாள் என்று அப்போது யோசிக்கவில்லை.

நான்காவது பை சரியாக இருந்தது. உறுதியான சட்டகம், முன்பக்கம் முழுவதும் திறக்கும் சிப், படிகளை இறுக்க இரு பக்கமும் கொளுக்கிகள். இதைப் பார்த்த பிறகாவது யூட் என்னிடம் ஆலோசனை கேட்பான் என்று நம்பினேன்.

ஐப்பசிச் சனிக்கிழமை ஒன்றில், விடிகிற நேரத்தில் அந்தத் தோப்புக்குப் போனோம். யூட் காரிலிருந்து எடுத்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சாமான் கட்டி அனுப்பும் நீல நிறச் சாக்குப்பை. அதில் பழைய பை ஒன்றின் வார்களைத் தைத்திருந்தான். ஒவ்வொரு படியையும் கிழிந்த சாரத்துணித் துண்டில் சுற்றி வைத்திருந்தான்.

"என்னடா இது, அகதி மூட்டை மாதிரி?"

"சத்தம் போடாது மச்சான். அதுதானே வேணும்" என்றான்.

அவன் தன் மரத்துக்குப் போனான். நான் சரியான மரம் தேடிச் சுற்றிவிட்டு, கடைசியில் அறுபது அடி தள்ளி ஒரு மரத்தடியில் பையை இறக்கினேன். கொளுக்கியைக் கழற்றினேன். டக்கென்று ஓர் ஒலி எழுந்தது. இரும்புக் கொளுக்கி! வாங்கியதிலிருந்து எத்தனை தடவை அதைக் கழற்றி மாட்டியிருப்பேன்... பாரிஸ் வீட்டின் இரைச்சலில் அது என் காதில் விழவே இல்லை.

சோளத்துக்குள் ஏதோ விழித்துக்கொண்டது. கறுப்பு உருவங்கள் சிதறி ஓடின. அவற்றில் ஒரு கடுவன் பன்றி நேரே யூட்டின் மரத்தடிக்குப் போய் நின்று மூக்கை உயர்த்தியது. அவன் ஏற்கெனவே மேலே இருந்தான். நாண் அதிர்ந்தது.

அம்பு பின்வயிற்றில் பாய்ந்திருந்தது. பன்றி பின்கால்களை இழுத்துக்கொண்டு, குழந்தை அழுவது போலக் கத்தியபடி சுற்றியது. யூட் கயிற்றைக் கழற்றி இறங்கி வருவதற்குள் நான் கத்தியோடு அதன்மேல் விழுந்தேன். முன்காலுக்குப் பின்னால் குத்தினேன். சூடான இரத்தம் முழங்கைவரை வந்தது. அது அடங்கிய பிறகும் குத்தினேன். ஆறு தடவையா, ஏழா, தெரியாது.

"காணும் மச்சான். அது செத்திட்டுது" என்று யூட் பின்னாலிருந்து சொன்னான். குரலில் ஒரு பயம் இருந்தது. அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும்.

நான் என் சாமான்களை அவனுடைய மரத்தடிக்குக் கொண்டுவந்து அடுக்கினேன். கைகள் வழுக்கின. படி ஒன்று சட்டகத்தில் பட்டு மணிபோல ஒலித்தது. யூட் சிரித்தான்.

"உன்ரை பைக்குத்தான் நன்றி சொல்லோணும். இனி நீ பையைக் கொண்டு கலை, நான் மேலை இருக்கிறன்."

பகிடிதான். அவன் முகத்தில் வஞ்சம் இல்லை. பன்றி கிடைத்த சந்தோசத்தில் சொன்னான். பிறகு என் பக்கம் முதுகைத் திருப்பிக் குனிந்தான்.

அப்போதுதான் அடித்தேன்.

அவன் முழங்காலில் விழுந்தான். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். வாய் அசைந்தது. ஏதோ கேட்க முயன்றான் என்று நினைக்கிறேன். நான் மறுபடியும் அடித்தேன்.

முதல் அடிக்குக் கோபம் என்று பெயர் வைக்கலாம். இரண்டாவதுக்கு என்ன பெயர்? நீங்களே சொல்லுங்கள். நான் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன்.

அவன் காதிலிருந்து இரத்தம் வந்தது. மூச்சு குறட்டைபோல இழுத்தது. நான் செய்த முதல் காரியம் தொலைபேசியை எடுத்தது அல்ல. அவனுடைய தோள்களுக்கடியில் கைகொடுத்து மரத்தின் கீழே இழுத்துப் போட்டேன். அவனுடைய படிகளில் ஏறினேன். பாதுகாப்புக் கயிற்றின் கொக்கியை, எதனுடனும் இணையாத கொக்கியை, வெறுமனே தொங்கவிட்டேன். இறங்கினேன். நான் அடித்த படியைப் பன்றியின் வயிற்றில் துடைத்தேன். என் உடம்பிலும் உடுப்பிலும் எங்கும் இரத்தம், எல்லாம் பன்றியின் இரத்தம்... யார் சந்தேகப்படுவார்கள்?

அதற்குப் பிறகுதான் உதவிக்கு அழைத்தேன். பத்து நிமிடம் கழிந்திருக்கும். கூடவும் இருக்கலாம்.

ஜொந்தார்ம் பொலிஸ்காரர்களிடம் சொன்னேன்: பலகையைக் கழற்ற மறுபடி ஏறினான், கயிற்றுக் கொக்கியை இடுப்பில் கொழுவவில்லை, விழுந்துவிட்டான். எழுதிக்கொண்டார்கள். ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது என்று மருத்துவர் என் தங்கை ஜெசியிடம் சொன்னாராம். அவள் ஆஸ்பத்திரி நடையில் என்னைக் கட்டிப்பிடித்து, "நீங்கள் இல்லாட்டி அவர் இல்லை அண்ணை" என்றாள். அவளுடைய கண்ணீர் என் கழுத்தில் பட்டது.

பதினோராம் நாள் யூட் கண் திறந்தான். வலது கை மெல்லத்தான் அசைகிறது. சொற்கள் ஒவ்வொன்றாகத் தேடித்தான் வருகின்றன. காரில் ஏறியதோடு அன்றைய நினைவு நின்றுவிட்டது. பேச்சு வந்ததும் என்னிடம்தான் கேட்டான்.

"நான் கொழுவேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

நீங்கள் நினைப்பது போல அடிதான் என் பெரிய குற்றம் என்று நானும் வெகுகாலம் நினைத்திருந்தேன். ஆனால் யூட் இத்தனை வருட வேலையில் ஒரு தடவைகூடக் கொக்கியை மறந்தவன் அல்ல. இப்போது லெ பிளாங்-மெனிலில் உள்ள தன் வீட்டில், அடுப்பு அணைந்ததா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறான். கதவைப் பூட்டியபின் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறான். அவனுடைய மகள் ஏதாவது தவறினால், "நானும் பப்பா மாதிரி" என்று பிரெஞ்சில் சொல்லிச் சிரிக்கிறாள். அவனும் சிரிக்கிறான். தன்னைத்தானே நம்பாத ஒரு மனிதனாக அவனை ஆக்கிவிட்டேன்.

பாவசங்கீர்த்தனத்துக்குக் குருவானவர் முன்னே முழங்காலில் நின்றிருக்கிறேன். கோபத்தைச் சொன்னேன், குடியைச் சொன்னேன், றீற்றாவின் பக்கம் கை ஓங்கியதைச் சொன்னேன். இதைச் சொல்ல நாக்கு எழவில்லை.

போன மாதம் எங்கள் முதலாளி, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பற்றிப் பேச யூட்டை அழைத்தார். நான்தான் கூட்டிச் சென்றேன். பன்னிரண்டு பேர் நின்றார்கள். எழுதிவைத்த தாளை அவன் இடது கையில் பிடித்துக்கொண்டு, சொல் சொல்லாகப் பிரெஞ்சில் வாசித்தான். தான் திறமையான வேலைக்காரன் என்று நினைத்திருந்ததாகவும், ஒரு நாள் அலட்சியமாக ஏறியதாகவும், தன் பிழைக்குத் தன் குடும்பம் துன்பப்படுவதாகவும் சொன்னான். நான் பின்வரிசையில், சுவரோடு நின்றேன். நாலே எட்டில் அவனிடம் போயிருக்கலாம்.

காரில் ஏறியபின் கேட்டான்.

"மச்சான், நான் சொன்னது சரிதானே? பிழையா ஒண்டும் சொல்லேல்லையே?"

"ஓம், சரியாத்தான் சொன்னனீ."

அவன் தலையாட்டினான். தன் இருக்கைப் பட்டியை இழுத்துப் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டி, என் பட்டியின் கொளுக்கியையும் தடவிப் பார்த்தான்.

"உன்ரை கொழுவியிருக்கு" என்றான். "எடு, போவம்."

நான் காரை எடுத்தேன்.