அசில்பெக் மீட்டிய துள்ளல் பாட்டு

கராகோலில் எங்கள் வீட்டுச் சபையில் கோமுஸ் என்ற மூன்று தந்தி வாத்தியத்தை மீட்டிப் பாட்டு நடத்துபவர் அசில்பெக். இருபது வருடப் பழக்கத்தில் பாட்டெல்லாம் விரல்களுக்கே மனப்பாடம். சில வருடங்களாகவே ஜெபம் தொடங்கினாலே அவருக்குக் கண் சொக்கிவிடும்.

அந்த ஞாயிறு எங்கள் சபைப் பெண் உல்கன் ஓடி வந்தாள். முந்தின நாள் இறந்த அவள் கணவன் கிறிஸ்தவன் என்பதால், கிராமத்து முஸ்லிம் மயானத்தில் இடம் தரவில்லை. அதைச் சொல்லி அழுது ஜெபித்தாள். எல்லோரும் சொன்ன "ஆமென்" கேட்டு விழித்த அசில்பெக், துள்ளலான நன்றிப் பாட்டு ஒன்றை மீட்டத் தொடங்கினார்.

யாரும் பாடவில்லை. அவர் மனைவி முழங்கையால் இடித்தாள். "அட மனுஷா, புருஷனைப் புதைக்க இடமில்லாம அந்தப் பொண்ணு அழுறா!"

அவர் முகம் கறுத்துப்போனது.

"பரவால்லண்ணே, களைப்பா இருந்திருக்கும்" என்றாள் உல்கன். அந்தப் பரிவில் அவர் கூனிக் குறுகிப்போனார்.

"களைப்பு இல்லம்மா. வருஷக்கணக்கா நான் இப்படித்தான். இன்னொரு தரம் சொல்றியா? இப்பக் கேக்குறேன்."

முழங்காலில் நின்று கேட்டார். பிறகு ஜெபிக்க வாயெடுத்தபோது பழகிய வார்த்தை எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, நான் தூங்கிட்டேன்" என்று மட்டும் சொல்லி அழுதார்.

மறுநாள் தன் ஆப்பிள் தோட்டத்தின் ஓரத்தில், உறைந்து கிடந்த மண்ணில் உல்கனின் கணவனுக்கான குழியை மதியம்வரை அவரே வெட்டினார்.