ஒற்றை முட்டிக்கு எண்ணெய்

வடமதுரை கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தேன். காலால் மிதிக்கும் மிஷின். தொண்ணூறுகளின் கடைசியில் இரண்டு முட்டியும் வீங்கிவிட்டன. டாக்டர் மூட்டுவாதம் என்றார். மாத்திரையில் வலி குறைந்தது, வயிறு எரிந்தது. மோட்டார் வைக்கலாம். எங்கள் தெருவில் கரண்ட் ஒழுங்காக இருந்தால்தானே. தீபாவளிக்குள் கால் சரியாகாவிட்டால் மிஷினை விற்றுவிட்டு, இன்னொருவர் கடையில் பட்டன் கட்டப் போக வேண்டியதுதான்.

என் வீட்டுக்காரி சிறுமலையில் பிறந்தவள். அங்கிருந்து வாதநாராயணன் இலை பறித்துவந்து நல்லெண்ணெயில் காய்ச்சினாள். எனக்கு நம்பிக்கை இல்லை. புதுத் துணி வந்தால் ஓரத்தில் துண்டு வெட்டித் தண்ணீரில் போடுவேன். சாயம் போகிறதா, சுருங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் கத்தரி வைப்பேன். எண்ணெயையும் அப்படியே பார்ப்போம் என்றேன். வலது முட்டிக்குத் தேய்ப்பது. இடதுக்கு ஒன்றும் கிடையாது.

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஏன் மாப்ள, சட்டைக்கும் ஒத்தக் கையி மட்டும் தச்சுப் பாப்பியோ?"

"போயி டியூப்பப் பாரு மாமா. காத்து போகுது."

மிஷினைத் தொடாமல் துணி வெட்டும் வேலை மட்டும் பார்த்தேன். சாயங்காலம் எண்ணெய் தேய்த்தேன். புரட்டாசியில் வலது முட்டி வீக்கம் வற்றி நன்றாக மடங்கியது. இடதும் மடங்கியது.

வீட்டில் சொன்னேன்.

"தேய்க்காத காலும் சரியாப் போச்சு. ஒன் எண்ணெய் கேக்கல. வீக்கம் தானா வத்திருக்கு."

"தானா வத்துச்சாக்கும்! மத்தியானம் நீங்க செத்த கண்ணசருறப்ப அதுக்கும் நான்தான் தடவிவிட்டேன்."

"எதுக்கு?"

"அது மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? ஒண்ணுக்குப் பாத்து ஒண்ணுக்குப் பாக்காட்டி ஏங்கிப்போகாதா?"

இடது முட்டி பிசுபிசுத்தபோதெல்லாம் வலதிலிருந்து ஒட்டியது என்று நினைத்திருக்கிறேன்.

பஞ்சர் கடைக்காரரிடம் சொன்னதுதான் தப்பு.

"அப்ப திரும்ப வலி வரட்டும் மாப்ள. மொதல்லருந்து பாத்துருவோம்."

எண்ணெயா, அவள் சுட்டுப்போட்ட முடக்கத்தான் தோசையா, மிதிக்காமல் இருந்ததா, எது கேட்டதென்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் மிஷினில் உட்கார்ந்தேன். பள்ளிக்கூடப் பாவாடை, நீளத் தையல். நிறுத்தாமல் மிதித்தேன். வலித்தது. தைக்க விடுகிற வலிதான். தீபாவளிக்குத் தைக்க ஊரார் துணியை வாங்கிப்போட ஆரம்பித்தேன்.