ஓட்டுகிறவள் இடம்

அதெல்லாம் வாய்க்கு வந்த பேச்சு. புருஷன் போன பிறகு மீனலோசனிக்கு டிவியில் வர ஆசை பிடித்துவிட்டதாம், பூவும் பொட்டும் வைத்துக்கொண்டு இன்னொரு ஆம்பிளையோடு காரில் போகப் போகிறாளாம்! பிரிக்பீல்ட்ஸில் இப்படிப் பேசுகிற வாய்களில் அவள் காரில் ஓசியாக ஏறாத வாய் எது? பேச்சைக் கிளப்பிவிட்ட பக்கத்து வீட்டு வீரம்மா, இடுப்புவலியில் துடித்த அன்றைக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது எந்தக் காரில்? அவளே சொல்லட்டும்.

அந்தச் சாம்பல் நிறக் காரை வாங்கியவர் என்னவோ புருஷன் தியாகராசாதான். ரயில்வேயில் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. கார் வந்த வாரமே தெருவோர லோங்காங்கில் இறக்கிவிட்டார். சாக்கடைத் தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறி வந்து, சாவியை மனைவி கையில் வைத்தார்.

"இந்தாரும். எனக்கு இது சரிவராது. நீர் பழகும்."

பழகினாள். அன்றிலிருந்து கிள்ளானில் கல்யாணம் என்றாலும் ரவாங்கில் துக்கம் என்றாலும் அவள்தான் ஓட்டுவாள். அவர் இடப்பக்கம் குடையை முழங்கால்களுக்கு நடுவில் நட்டுக்கொண்டு, "லோரி வருது, லோரி வருது" என்று சொல்லிக்கொண்டே வருவார். பெண்டாட்டி ஓட்ட உட்கார்ந்து போகிறான் பார் என்று ஊர் சிரித்தது. "நான் துரை மாதிரிப் போறன். உங்களுக்கு ஆர் டிரைவர்?" என்று அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். அவளுக்குத்தான் அந்தச் சிரிப்பு நெஞ்சில் தைத்துக் கிடந்தது. அவர் கண்ணை மூடிய பிறகும் தைத்தபடியே கிடந்தது.

எண்பத்தெட்டில் அதே கம்பெனி புதுக் கார் விட்டது. மூக்கில் அதே பழைய முத்திரை. விளம்பரம் எடுக்கப் பழைய கார் தேடிக்கொண்டு பங்சாரிலிருந்து ராதாகிருஷ்ணன் என்று ஒருவன் வந்தான். காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து உருகிப்போனான்.

"ஆன்டி, தாத்தா இந்தக் கார ஓட்டுறாரு. நீங்க பின்னால பூ வச்சிக்கிட்டு சிரிக்கிறீங்க. அப்புறம் பேரன் புதுக் கார்ல வரான். அவ்வளவுதான் லா!"

"ஆர் தாத்தா?"

"கிள்ளான்லருந்து தம்புசாமின்னு ஒருத்தரு. திருவிழா நாடகத்துல ராஜா வேஷம் கட்டுறவரு. முகத்தப் பாத்தாலே அப்பா ஞாபகம் வரும்."

"என்ர மனுசன் ஓட்டினதே இல்லை, தம்பி. நான்தான் ஓட்டினனான்."

"அது யாருக்கு ஆன்டி தெரியும்?"

"எனக்குத் தெரியும். காருக்கும் தெரியும். நான் ஓட்டுறன், அந்த ராஜா பக்கத்தில இருக்கட்டும். இல்லையெண்டால் வேற கார் பாரும்."

பாட்டி ஓட்டினால் யார் நம்புவார்கள் என்று அவன் கெஞ்சினான். அவள் தேத்தண்ணீர் கொடுத்தாள், பலகாரம் கொடுத்தாள், சாவியை மட்டும் கொடுக்கவில்லை. உள்ளுக்குள் பயம்தான். அவன் வேறு காரைத் தேடிப் போய்விட்டால், தியாகராசா உட்கார்ந்து போன அழகை ஊர் பார்க்கவே போவதில்லை. இருந்தும் தேத்தண்ணீர்க் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நேரில் பார்த்தால் மனசு இளகுவாள் என்று நினைத்து, படம் எடுக்கிற அன்று அவன் தம்புசாமியையே கூட்டி வந்தான். வெள்ளை வேட்டி, முறுக்கு மீசை, பெரிய உடம்பு. மனிதர் வாசலில் நின்ற காரைப் பார்த்தார். ராதாகிருஷ்ணன் ஓட்டுகிற பக்கத்துக் கதவைக் காட்டியதும் முகம் வெளுத்துப்போனது.

"பாஸ், ஓட்டணும்னு நீங்க சொல்லவே இல்லையே! நான் பஸ்ல டிக்கெட் கிழிச்ச ஆளு. ஸ்டேரிங்கத் தொட்டதே கிடையாது."

ராதாகிருஷ்ணன் தலையில் கை வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டான். மீனலோசனிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, அவரைப் போலவே ஒருத்தரை அல்லவா தேடிப் பிடித்திருக்கிறான்!

"சரி ஆன்டி," என்றான் கடைசியில். "நீங்களே ஓட்டுங்க."

அவள் கதவு மூலையில் சாத்தியிருந்த குடையை எடுத்துத் தம்புசாமி கையில் கொடுத்தாள்.

"இதை முழங்காலுக்கு நடுவில வச்சுக்கொள்ளும். லோரி வந்தால் சொல்லும். வேற ஒண்டும் செய்ய வேண்டாம்."

வேலியோரம் வீரம்மா நின்றிருந்தாள். "என்னக்கா, பூ வைக்கலியா? பொட்டு?"

"எனக்கு எதுக்கடி? எல்லாரும் அவரைத்தான் பார்க்கப் போயினம்."

எப்போதும் உடுத்துகிற வெள்ளைச் சேலைதான். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, சாவியோடு படி இறங்கிப் போனாள்.