கஞ்சி போட்ட கால்

விடிந்ததும் சண்முகவேல் முதலியார் வாசற்படியில் உட்கார்ந்து, இடது காலில் ஒரு கயிற்றை மாட்டித் தம் பக்கமாக இழுக்கிறார். பாதம் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிடுகிறது. "இன்னுங் கொஞ்சம் வா சாமி" என்று காலிடம் கெஞ்சுகிறார். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவர் இவ்வளவு பணிவாகப் பேசி நான் கேட்டதில்லை.

இராசிபுரத்தில் எங்கள் எதிர்வீட்டு நெசவாளர். மேட்டூரில் கட்டுகிற அணையே முடியப்போகிறது, முதலியார் கால் சங்கதி முடிந்தபாடில்லை என்று தெருவில் கேலி.

மாசியில் தெருவில் பாவு நூலை நீட்டிக் கஞ்சி தடவி நீவும்போது, தாம் சிந்திய கஞ்சியிலேயே வழுக்கி விழுந்தார். கணுக்கால் பிசகியது. வைத்தியரிடம் போனாரா? மிச்சக் கஞ்சியில் பழந்துணியைத் தோய்த்துக் காலில் இறுக்கிச் சுற்றிக்கொண்டார். நூலுக்குப் பலம் தருவது காலுக்குத் தராதா என்பது அவர் எண்ணம். கட்டு பலகையாகக் காய்ந்தது. வலி நின்ற பிறகும் கழற்றவில்லை.

ஒருவழியாகக் கம்பவுண்டர் அதை வெட்டி எடுத்தார். வீக்கம் இல்லை; பாதமும் மடங்கவில்லை. "எலும்புக்கு ஒண்ணுமில்லை. மூட்டைப் பிடிச்சிருக்கிற நார் கிழிஞ்சு கூடியிருக்கு. அசைக்காம வச்சதால இறுகிப்போச்சு. தினமும் மெதுவா இழுத்துப் பழக்குங்க, அவசரப்பட்டா மறுபடி கிழியும்" என்றார்.

"கஞ்சி போட்டு நீவாம உட்ட பாவாட்டம்னு சொல்லுங்க" என்றார் முதலியார்.

அவர் கவலையெல்லாம் மகள் ராஜம்மாளின் கூறைப்புடவை. தறியில் பாதியில் நிற்கிறது, கல்யாணம் வைகாசியில். தறிக்குழியில் இருக்கும் இரண்டு மிதிகளையும் கால்களால் மாற்றி மாற்றி அழுத்தினால்தான், குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா ஓடும். மைத்துனர் தங்கமுத்து நெய்து தருவதாக வந்தார். "ஆள் மாறுனா அடி மாறிடும் மாப்ளே. புள்ளை சேலையில கோடு உழுந்துரும்" என்று அனுப்பிவிட்டார்.

"அந்தக் காலுக்கு இருக்கற மருவாதி இந்த ஊட்டுல யாருக்கும் இல்லீங்க" என்று அவர் மனைவி கந்தம்மாள் என்னிடம் சிரித்தார்.

நேற்று அவர் மறுபடி தறியில் உட்காரப்போவதாகக் கேட்டு நானும் பார்க்கப் போனேன். வழக்கம்போல் தறிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உட்கார்ந்தார். குழிக்குள் வலது மிதி இறங்கியது. இடது மிதியில் பாதத்தை வைத்து, "மெதுவா சாமி" என்று அழுத்தினார். இழைகள் பிரிந்தன, நாடா மறுபக்கம் போயிற்று. ராஜம்மாள் அடுப்படியிலிருந்து ஓடிவந்து நின்றாள்.

முதலியார் கையை நிறுத்தினார். குழிக்குள் குனிந்து, தம் இடது பாதத்தைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.