விழுந்துகொண்டே இருந்த பொட்டி

என் டூல் பையின் உள் ஜிப்பில் இரண்டு ஒயர்த் துண்டுகள் இருந்தன. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. ஒரு சாண் நீளம்கூட இராது. ஸ்க்ரூ டிரைவரைத் துழாவும்போது விரலில் பட்டால் சட்டென்று கையை வெளியே எடுத்துவிடுவேன். இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அவற்றைச் சுமந்தேன். போன ஞாயிற்றுக்கிழமையோடு அவை என்னிடம் இல்லை.

நான் லைசென்ஸ் உள்ள வயர்மேன். ராயபுரம் முதல் எண்ணூர் வரை பழைய வீடுகளுக்குப் போய், வயரிங் பத்திரமாக இருக்கிறதா என்று சோதித்துச் சொல்வது என் பிழைப்பு. டைல்ஸ் ஒட்டிப் பெயின்ட் அடித்துப் புதுசாக்கிய வீடுகளைக் கண்டால்தான் எனக்குப் பயம் அதிகம். மேலே மாப்பிள்ளைக் கோலம், சுவருக்குள்ளே தாத்தா காலத்து ஒயர். ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கி, ஒவ்வொரு சாமானாக மீட்டர் வைத்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். மூன்று மணி நேரம் ஆகும். வீட்டுக்காரர்கள் சலித்துக்கொள்வார்கள், நான் அசைய மாட்டேன். ஊருக்கெல்லாம் இப்படிக் கறாராக இருந்தவன், ஒரே ஒரு வீட்டில் மட்டும் டூல் பையை வாசலில் வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிடுவேன். அது திருவொற்றியூரில் என் அக்கா வீடு.

அக்கா இட்லி மாவு அரைத்து விற்றாள். மாமா போன பிறகு அந்தக் கிரைண்டர்தான் அவளுக்கும் அவள் பெண்ணுக்கும் சோறு போட்டது. ஒவ்வொரு முறை ரோடு போடும்போதும் தெரு உயர்ந்து உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது. மழைக்கு மழை தண்ணீரை வாரிக்கொட்டி வெறுத்துப்போனவள், பெண்ணுக்குக் கல்யாணம் பேசியபோது தரையை முழங்கால் உயரத்துக்குத் தூக்கிப் பளபளவென்று டைல்ஸ் போட்டாள். அந்த வேலையில் கொத்தனார், கசிகிற கரன்ட்டை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பியை அறுத்து மண்ணோடு புதைத்துவிட்டார். எனக்குத் தெரிந்தபோது டைல்ஸ் காய்ந்திருந்தது. புதுத் தரையைப் பெயர்க்க அக்கா விடவில்லை. அதனால் நானே ஒரு டிரிப்பர் வாங்கி மெயின் போர்டில் மாட்டினேன். எங்கேயாவது கரன்ட் கசிந்தால் கண் இமைப்பதற்குள் மொத்த வீட்டுக்கும் சப்ளையை வெட்டிவிடும். அக்கா அதைப் பொட்டி என்பாள். வருகிறவர்களிடமெல்லாம், "எந்தம்பி வெச்ச பொட்டி, இனிமே நமக்கு ஒண்ணியும் ஆவாது" என்று பெருமை பேசுவாள்.

சில மாதங்களில் பொட்டியின் சுவிட்ச் அடிக்கடி கீழே விழுந்து கரன்ட் போக ஆரம்பித்தது. "இன்னாடா நைனா, உன் பொட்டி மறுக்கா வுழுந்துட்ச்சி" என்பாள். சங்கரா மீன் குழம்பைப் பிசைந்தபடியே, "கடல் காத்துக்கு செவுத்துல ஈரம் எறங்கிக்கீதுக்கா, தூக்கி வுடு, சரியாப் பூடும்" என்பேன். எழுந்து போய்ப் பார்க்கவில்லை. வேறு யார் வீடாக இருந்தாலும் பார்த்திருப்பேன். அக்கா வீட்டில் நான் விருந்தாளி, என் மடத்தனத்துக்கு அதுதான் காரணம்.

அவள் பெண்ணின் வளைகாப்பு அன்று பொட்டி ஐந்து முறை விழுந்தது. கூடத்தில் நிற்க இடமில்லை, சரியான புழுக்கம். ஃபேன் நிற்கும்போதெல்லாம் பெண்கள் தாம்பாளத்தால் விசிறினார்கள். ஐந்தாவது முறை அக்கா என் சட்டையைப் பிடித்தாள். "டேய், புள்ளத்தாச்சிப் பொண்ணு வேர்வைல நனையுது. நீயெல்லாம் இன்னா வயர்மேனு? அத்தக் கயட்டிப் போடு." எனக்கும் ரோஷம் வந்தது. பொட்டி விழுந்தாலும் அதைத் தாண்டிக் கரன்ட் போகும்படி இரண்டு துண்டு ஒயரை மாட்டினேன். ஃபேன் ஓடியது, கூடமே சிரித்தது. "நாளைக்கு வந்து சரி பண்ணிடறேங்கா" என்றேன்.

மறுநாள் வேறொரு வீட்டில் சோதனை வேலை. அதற்கு மறுநாள் இன்னொன்று. அக்காவே போன் செய்தாள். "பொட்டி இப்பல்லாம் வுழறதே இல்லடா. அவசரம் ஒண்ணியும் இல்ல, வேலையப் பாத்துட்டு மெதுவா வா." அவள் என்னிடம் கடைசியாகச் சொன்னது அதுதான்.

ஒன்பதாம் நாள் காலை, ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று கிரைண்டரைத் தொட்டிருக்கிறாள்.

நான் போய்ச் சேர்ந்தபோது அக்கம்பக்கத்தார் மெயினை அணைத்துவிட்டு அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். வீட்டில் யாருமில்லை. மாவு வாளி திறந்தபடி இருந்தது. நான் முதலில் செய்தது ஆஸ்பத்திரிக்கு ஓடியதல்ல. போர்டைத் திறந்து அந்த இரண்டு துண்டுகளையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம்தான் ஓடினேன். இதை எழுதும்போதும் கை கூசுகிறது.

அக்கா பிழைக்கவில்லை. எப்படி ஆனது என்று எல்லோரும் என்னையே சோதித்துச் சொல்லச் சொன்னார்கள். கிரைண்டர் மோட்டாரில் கசிவு என்றேன். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. வளைகாப்பு அன்று பொட்டி விழுந்த ஐந்து முறையும் யாராவது பின்கட்டில் அந்தக் கிரைண்டரில் வடைக்கு அரைக்கப் போனபோதுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. சுவரில் ஒரு குற்றமும் இல்லை. அது விழுந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருத்தியைக் காப்பாற்றியிருக்கிறது.

இப்போது அந்த வீட்டில் குடியிருக்கும் அக்கா பெண் போன ஞாயிறு கூப்பிட்டாள். அவள் பையனுக்கு ஒன்றரை வயது. பிளக் ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே அவன் விரல் இருக்கும். சுவரை இடித்துப் புது ஒயர் இழுக்கப் போகிறாளாம். "மாமா, அந்தப் பொட்டிய மட்டும் கயட்டிடு. அம்மாவையே காப்பாத்தல, இவன எங்கக் காப்பாத்தப் போவுது? அத்தப் பாத்தாலே வயிறு எரியுது" என்றாள்.

சரி என்று கழற்றிவிட்டு வந்திருக்கலாம். பையன் என் டூல் பையைப் பிடித்துக்கொண்டு நின்றான். உள் ஜிப்பைத் திறந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து அவள் கையில் வைத்தேன். "அன்னிக்குப் பொட்டி வேல செய்யாம இல்லம்மா. நாந்தான் செய்ய வுடல" என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் போர்டின் முன்னால் போய் நின்று, பொட்டியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினாள். டக்கென்று விழுந்தது. ஃபேன் மெல்ல நின்றது. தூக்கிவிட்டு மறுபடி அழுத்தினாள். மறுபடி விழுந்தது.

"அன்னிக்கும் இப்டித்தான் வுழுந்திருக்கும், இல்ல மாமா?"

"ஆமாம்மா" என்றேன். அவள் பையனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "பொட்டி இங்கியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அந்த இரண்டு ஒயர்த் துண்டுகளையும் அவள் திருப்பித் தரவில்லை.